எருசலேமைவிட ஆக்கர் ஏன் பெரிது? மேத்யூ பாரிஸின் புனித பூமி வரைபடம்

கேள்வி இதுதான்: 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி மேத்யூ பாரிஸ் வரைந்த புனித பூமி வரைபடத்தில், ஆக்கர் என்ற துறைமுக நகரம் மதிலும் கோபுரமுமாகக் கடற்கரையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எருசலேமோ வலது பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். தூரமும் சரியில்லை, அளவும் சரியில்லை. இதை நம்பி யாத்திரிகர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், இதைக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. மேத்யூ எழுதிய கனமான ஒரு வரலாற்று ஏட்டின் முன்பக்கங்களில் தைக்கப்பட்டு, மடாலயத்திலேயே இருந்த வரைபடம் இது. ஊரைவிட்டு நகராதவர்கள் அந்தப் பிரதேசத்தைப் புரிந்துகொள்வதற்காக வரைந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தப்பாகத் தெரிகிற பல விஷயங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

முதலில் ஆளைப் பற்றி. மேத்யூ பாரிஸ் 1217-இல் செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்தில் சேர்ந்தவர். 1259-இல் இறந்தார். லண்டனுக்கு வடக்கே ஒருநாள் நடைத் தூரத்தில், பழைய ரோமானியச் சாலையின் மேல் இருந்த பெரிய பெனடிக்ட் சபை மடம் அது. வடக்கே போகிற அரசர், ஆயர், தூதர் எல்லாரும் இரவு தங்குகிற இடம். தங்கியவர்கள் பேசாமல் போவார்களா? 1228-இல் ஆர்மீனியாவிலிருந்து ஒரு பேராயர் வந்து தங்கிக் கதைகள் சொன்னது மடத்து வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. அரசர் மூன்றாம் ஹென்றியே 1257-இல் ஒரு வாரம் தங்கி மேத்யூவோடு பேசிக்கொண்டிருந்தார். இப்படிக் காதில் விழுந்ததையெல்லாம் எழுதி, ஓரத்தில் படமும் போட்டு வைத்தவர் மேத்யூ. எழுத்தும் படமும் ஒரே கை என்பது அந்தக் காலத்தில் அபூர்வம்.

அவர் புனித பூமிக்குப் போனதே இல்லை. பதிவாகியிருக்கிற ஒரே கடல் பயணம் 1248-இல் நார்வேக்கு, அங்கிருந்த ஒரு மடத்தின் கடன் வழக்கைத் தீர்க்க. அந்தப் பயணத்தில் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி நார்வே அரசருக்கு எழுதிய சிலுவைப் போர் (புனித பூமியைப் பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நடத்திய படையெடுப்பு) அழைப்புக் கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். சிலுவைப் போருக்கு அவர் நேரடியாகச் செய்த வேலை அந்தத் தபால்காரர் வேலைதான்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். உண்மையில் இது இரண்டு பகுதி. முதலில் லண்டனிலிருந்து இத்தாலியின் தென்கோடி அப்புலியா வரைக்குமான வழித்தடம். அதற்கு அடுத்து, இரண்டு பக்கங்களை விரித்துப் பார்க்கவேண்டிய புனித பூமி. வழித்தடம் ஏதோ ஒரு வடிவில் நான்கு கையெழுத்துப் பிரதிகளில் மிஞ்சியிருக்கிறது: இரண்டு கேம்பிரிட்ஜில், இரண்டு லண்டனில்.

வழித்தடத்தை வாசிக்கும் விதம் நமக்குப் புதிது. முதல் பக்கத்தின் இடது கீழ் மூலையில் லண்டன். அங்கிருந்து கீழிருந்து மேலாக ஏறவேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் பக்கத்துப் பத்தியின் அடிக்கு இறங்கி, மறுபடி மேலே. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சின்னக் கோட்டையோ கோபுரமோ. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கோடு, கோட்டின் மேல் ‘ஒருநாள் வழி’ என்று எழுத்து. மெட்ரோ ரயில் பெட்டியில் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கிற நிலைய வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்பது முக்கியமில்லை, அடுத்து எந்த ஊர் என்பதுதான் முக்கியம். டோவர் கோட்டைக்குப் பக்கத்தில் ‘வளமான இங்கிலாந்துத் தீவின் நுழைவாயிலும் திறவுகோலும்’ என்று பெருமையாக ஒரு குறிப்பு. லண்டனுக்குப் பக்கத்தில், டிராயிலிருந்து வந்த புரூட்டஸ் கட்டிய புதிய டிராய் இது என்று ஒரு புராணம். அப்புறம் ஆங்கிலக் கால்வாய்க் கடலைத் தாண்டிப் பிரான்ஸ், லியோன், ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி கணவாய், இத்தாலி. ஒரே வழி என்றில்லை, இடையிடையே பிரிந்து சேர்கிற கிளை வழிகளும் உண்டு. இத்தாலிக்கு வந்ததும் இடம் போதாமல் தோல்தாளின் ஓரத்தில் துண்டுத் தாள்களை ஒட்டி, பிரித்துப் பார்க்கும்படி மடித்து வைத்திருக்கிறார். வாசகர் மடிப்பைக் கையால் திறந்துதான் பயணத்தைத் தொடரவேண்டும்.

அதற்கடுத்த விரிப்பில் வரைபடத்தின் இயல்பே மாறிவிடுகிறது. கோடு இல்லை, நாள் கணக்கை எண்ணிக்கொண்டு ஏறுவதும் இல்லை. கிழக்கு மேலே, கடல் கீழே. இடக்கைப் பக்கம் அந்தியோக்கியா, வலக்கைப் பக்கம் எகிப்து. கடலில் கப்பல்கள். நடுவில், கீழே, ஆக்கர்.

இந்த ஆக்கரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. மதிலுக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பெயர் எழுதியிருக்கிறார். துறவு வாக்குக் கொடுத்த போர்வீரர்களின் சபைகளான டெம்ப்ளர் சபையின் இல்லம், ஹாஸ்பிட்டலர் சபையின் இல்லம், ஜெர்மானியரின் மருத்துவ இல்லம், இத்தாலிய வணிகர்களான பீசாக்காரர்களும் ஜெனோவாக்காரர்களும் வைத்திருந்த கோபுரங்கள், மதிலின் கோணத்தில் ‘சபிக்கப்பட்ட கோபுரம்’. மதிலுக்கு வெளியே செயின்ட் நிக்கோலஸ் இடுகாடு, ‘இறந்தவர்களைப் புதைக்கும் இடம்’ என்ற விளக்கத்தோடு. வடக்கே மோன்முசார் என்ற புறநகர். அதன் மேல், இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் என்று ஒரு வரி. இங்கிலாந்து வாசகருக்கு அந்த ஒரு வரி போதாதா? முன்பின் தெரியாத ஊரில் நம்ம ஆட்கள் எந்தப் பேட்டையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு வேறொன்று. இந்த நகரம் அதை ஆளும் பிரபுவுக்கு வருடத்துக்கு ஐம்பதாயிரம் பவுண்டு வெள்ளி வருமானம் தருகிறது, கோமான் ரிச்சர்டு இதை டெம்ப்ளர்களிடமும் ஹாஸ்பிட்டலர்களிடமும் விசாரித்துத் தெரிந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறார். கார்ன்வால் கோமான் ரிச்சர்டு மூன்றாம் ஹென்றியின் தம்பி. 1240-41-இல் சிலுவைப் போருக்குப் போய் ஆக்கரில் இருந்தவர், மேத்யூவுக்கு நேரடியாகச் செய்தி சொன்ன பெரிய மனிதர்களில் ஒருவர். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்பதுவரை வரைபடத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார். பக்தி நூலில் இப்படி ஒரு வரவு செலவுக் குறிப்பு எதற்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் அன்றைய அரசியல் நிலவரத்தில் இருக்கிறது. 1187-இல் எகிப்து, சிரியா சுல்தான் சலாகுத்தீன் சிலுவைப் போர்க்காரர்களிடமிருந்து எருசலேமைப் பிடித்தார். 1229-இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் ஒப்பந்தம் போட்டுத் திரும்ப வாங்கினார். 1244-இல் மத்திய ஆசியாவிலிருந்து வந்த குவாரிஸ்மியப் படை புகுந்து சூறையாடியதோடு அது மறுபடி கைவிட்டுப் போனது, பிறகு கிறிஸ்தவ ஆட்சிக்கு அது திரும்பவேயில்லை. மேத்யூ வரைந்தது ஏறத்தாழ 1250-களில். அப்போது ஐரோப்பியரின் கையில் மிஞ்சியிருந்தது கடற்கரைப் பட்டை, அதற்குத் தலைநகர் ஆக்கர். எகிப்தில் தோற்றுச் சிறைப்பட்டு, பணம் கட்டி விடுதலையான ஒன்பதாம் லூயி 1250-இல் வந்து இறங்கியதும் ஆக்கரில்தான். 1254 வரை அந்தக் கடற்கரையிலேயே தங்கி மதில்களைச் செப்பனிட்டார். கடிதங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. யாத்திரிகர் இறங்கியதும், வணிகர் பொதி பிரித்ததும், பணம் கைமாறியதும் அங்கேதான். வரைந்தவரின் காதுக்கு எந்த ஊரிலிருந்து அதிகம் செய்தி வந்ததோ அந்த ஊர் பெரிதாகிவிட்டது. தோல்தாளில் எழுதுவதற்கு எவ்வளவு விஷயம் இருந்ததோ அவ்வளவு இடம், நிலத்தின் பரப்பளவு அதில் கணக்கில்லை.

எருசலேமைச் சிறிதாக வரைந்தார் என்பதற்காக அதை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மதில் சூழ்ந்த சதுரத்துக்குள் மூன்றே மூன்று கட்டடங்கள்: திருக்கல்லறைத் தேவாலயம், ஆண்டவரின் ஆலயம், சாலமோனின் ஆலயம். பின்னிரண்டும் இன்றைக்கு நாம் குப்பத்துஸ் ஸக்ரா (பாறைக் குவிமாடம்), அல் அக்ஸா பள்ளிவாசல் என்று சொல்பவை. சிலுவைப் போர்க்காரர்கள் அவற்றுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எழுதியிருக்கிறார்: உலகத்திலேயே மிகவும் மேன்மையான நகரம் இதுவே, இங்கேதான் ஆண்டவர் மரணத்தை ஏற்றார், தாவீது சொன்னபடி உலகத்தின் நடுவும் இதுதான். உலகத்தின் நடு என்று எழுதிவிட்டுப் படத்தில் ஓரமாக வைத்திருக்கிறார், அது அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. எருசலேமைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மடத்தில் எல்லாருக்கும் அது தெரிந்த ஊர். தினமும் வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களில் பாடுகிற ஊர். ஆக்கர் வேதாகமத்தில் கிட்டத்தட்ட இல்லாத ஊர், அதைத்தான் விளக்கவேண்டியிருந்தது.

கடற்கரையை விட்டு மேலே, அதாவது கிழக்கே, போகப் போகப் படம் குறைந்து எழுத்து பெருகுகிறது. நோவாவின் பேழை தங்கிய ஆர்மீனிய மலை, மலைக் கிழவர் என்று ஐரோப்பியர் நடுங்கிய இஸ்மாயிலி (ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவு) தலைவரின் கோட்டை, பாலைவன பெதூயின்கள், ஓர் ஒட்டகம். நேரில் பார்த்தவர் சொன்னதும், வேதாகமத்தில் வாசித்ததும், சந்தைப் பேச்சும் ஒரே மையில். மலைகளுக்கு அப்பால் மாமன்னர் அலெக்சாந்தரின் வேண்டுதலால் யூதர்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற கதையும் இருக்கிறது. 1240 வாக்கில் மங்கோலியப் படை ஐரோப்பாவுக்குள் வந்தபோது, அடைபட்டவர்களே வெளியே வந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. மேத்யூவும் தன் வரலாற்றில் அதைச் சேர்த்து, உள்ளூர் யூதர்கள் மேல் பழி போடும் கதையாகவே எழுதினார். முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதியதும் பெரும்பாலும் வெறுப்புப் பேச்சு. வரைபடத்தின் அழகில் மயங்கி இதைக் கடந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அப்படிக் கடந்துபோகிறவர்களுக்கு, அந்தப் பிரதேசத்தைப் பற்றி மடத்து வாசகர் ‘புரிந்துகொண்டதில்’ பாதி தெரியாமலே போய்விடும்.

இனி, எதற்காக வரைந்தார் என்ற விவாதம். பெனடிக்ட் சபைத் துறவி சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை இருப்பதாக வாக்குக் கொடுத்தவர். யாத்திரை போகவேண்டும் என்று ஆசைப்பட்டாலும் மடத்துத் தலைவரின் அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைக்காது. அதனால், உட்கார்ந்த இடத்திலேயே ஏட்டைப் புரட்டி, மடிப்புகளைத் திறந்து, நாள் நாளாக மனத்தால் நடந்து எருசலேம் சேர்வதற்கான தியானக் கருவி இது என்று டேனியல் கொனோலி போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். வழித்தடப் பக்கங்களுக்கு இந்த வாதம் நன்றாகப் பொருந்துகிறது. கீழிருந்து மேலே ஏறுகிற அமைப்பு, கையால் திறக்கவேண்டிய மடிப்பு, எல்லாமே வாசகரை நடக்க வைக்கின்றன.

புனித பூமி விரிப்புக்கு அது முழுக்கப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. தியானம் செய்கிறவருக்கு ஆக்கரின் வருடாந்திர வருமானம் எதற்கு? ஜெனோவாக்காரரின் கோபுரம் எது, பீசாக்காரரின் கோபுரம் எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? இந்த விரிப்பு அடுத்து வருகிற வரலாற்றுக்குக் கையேடு என்பது என் கணிப்பு. உள்ளே நூற்றுக்கணக்கான பக்கங்களில் எகிப்தின் தமியாத்தா முற்றுகை, தமஸ்கு சுல்தான், அந்தியோக்கியா இளவரசர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். கேள்விப்படாத ஊர் வரும்போதெல்லாம் வாசகர் முன்பக்கத்துக்குப் புரட்டி, ஓ இங்கேயா, என்று பார்த்துக்கொள்ளலாம். வழித்தடத்திலும் இந்த அரசியல் வாடை உண்டு. அப்புலியாவுக்குப் பக்கத்தில், இந்த நாட்டின் முடியைக் கோமான் ரிச்சர்டுக்குப் போப்பாண்டவர் தர முன்வந்தார் என்று ஒரு செய்தி இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வரலாறு லத்தீனில், வரைபடக் குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து மேட்டுக்குடியினர் பேசிய பிரெஞ்சில். மேத்யூ அந்தப் பிரெஞ்சில் புனிதர் வரலாறுகளை எழுதிப் பிரபுக் குடும்பப் பெண்களுக்கு இரவல் கொடுத்து வாங்கியவர். எந்தப் புத்தகத்தை எந்தக் கோமாட்டிக்கு அனுப்பவேண்டும் என்று அவரே எழுதிவைத்த குறிப்புகூட ஒரு கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. மடத்துக்கு வந்து தங்குகிற பிரபுவின் முன் ஏட்டை விரித்துக் காட்டியிருப்பார் என்று நினைக்க இடமிருக்கிறது. சிலுவைப் போருக்குப் போய் வந்தவருக்கும், போகலாமா என்று யோசிக்கிறவருக்கும் வருமானக் கணக்கு சுவாரசியமாகத்தானே இருக்கும்?

அப்படியானால் நிஜமாகப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். கேட்டுக் கேட்டுப் போனார்கள். கூட்டமாகப் போனார்கள். கப்பலில் இறங்கியதும் உள்ளூர் வழிகாட்டியைப் பிடித்தார்கள். எந்தத் தலத்தை எந்த வரிசையில் தரிசிப்பது, எங்கே எத்தனை நாள் பாவத் தண்டனை குறையும் என்று எழுதிய பட்டியல்கள் இருந்தன. ஆக்கரின் தேவாலயங்களுக்கே அப்படி ஒரு பட்டியல் உண்டு. எருசலேமுக்குப் போக முடியாத யாத்திரிகர் ஆக்கரையே சுற்றிப் பலன் தேடிக்கொள்ளலாம். வரைபடம் தேவைப்படவே இல்லை.

அளவு சரியான வரைபடம் அந்தக் காலத்தில் முடியாது என்று நினைத்துவிடவேண்டாம். மேத்யூவுக்கு ஒரு தலைமுறை கழித்து, 1280-களில், புர்க்கார்டு என்ற ஜெர்மானிய டொமினிக்கன் துறவி அந்த நாட்டைக் காலால் நடந்து பார்த்து எழுதினார். ஊர்களைச் சொல்ல ஒரு முறை வேண்டுமே என்று, ஒரு நகரத்தை மையமாக வைத்து அங்கிருந்து திசைவாரியாக நாட்டைப் பகுத்தார். அவர் தேர்ந்த மையமும் ஆக்கர்தான். அது நாட்டின் நடுவில் இல்லை, ஆனால் எல்லாருக்கும் அதிகம் தெரிந்த ஊர் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். நேரில் போனவரும் போகாதவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்.

1291 மே மாதம் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அல் அஷ்ரஃப் கலீல் ஆக்கரைப் பிடித்து இடித்தார். கடற்கரைப் பட்டையும் போயிற்று. அதற்கு முப்பது வருடம் கழித்துத்தான் நாம் எதிர்பார்க்கிற மாதிரியான வரைபடம் வருகிறது. வெனிஸைச் சேர்ந்த மரினோ சனுடோ, எகிப்தின் வணிகத்தை முடக்கிவிட்டுப் படையெடுக்கவேண்டும் என்று திட்டம் எழுதி 1321-இல் அவிஞ்ஞோனில் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் யோவானிடம் கொடுத்தார். அதற்கு வரைபடங்கள் வரைந்தவர் பியெத்ரோ வெஸ்கோந்தே, ஜெனோவாவில் பிறந்து வெனிஸில் தொழில் செய்த கடல் வரைபடக்காரர். புனித பூமி முழுவதையும் கட்டம் போட்டுப் பிரித்தார்கள்: நீளவாக்கில் 83, அகலவாக்கில் 28. ஒவ்வொரு கட்டமும் இரண்டு மைல். எந்த ஊர் எந்தக் கட்டத்தில் என்று நூலுக்குள் பட்டியலும் இருக்கிறது. கட்ட எண்ணைப் பார்த்து ஊரைத் தேடலாம். இரண்டு நூற்றாண்டு ஐரோப்பியர் கையில் இருந்த நாடு, முழுக்கக் கைவிட்டுப்போன பிறகுதான் கட்டத்துக்குள் வந்தது. திரும்பப் பிடிக்கத் திட்டம் போடுகிறவருக்கு மைல் கணக்கு வேண்டும், அதனால் அளவு வந்தது. இந்த வரைபடத்தின் வழிவந்ததுதான் 1482-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் அச்சான, பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் புவியியல் நூலில் சேர்க்கப்பட்ட புனித பூமிப் படம்.

கட்டம் போட்ட படத்தில் யாருடைய பேட்டை எது, கோமான் யாரிடம் என்ன கேட்டார் என்பதெல்லாம் கிடையாது. எனக்குக் கேட்டால், ஆக்கரில் 1250-இல் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மேத்யூவின் பக்கம் பத்து மடங்கு மேல். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று தெரிய வெஸ்கோந்தே.

நீங்களே பார்க்க வேண்டுமானால், கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பார்க்கர் நூலகம் தன் ஏடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. கையெழுத்துப் பிரதி எண் 26-ஐத் தேடுங்கள், முதல் சில ஏடுகளிலேயே வழித்தடமும் புனித பூமியும் வந்துவிடும். பெரிதாக்கிப் பார்க்கும்போது முதலில் மோன்முசாருக்குப் போங்கள். அங்கே எழுத்து தெளிவு, மதிலும் முழுசாக இருக்கிறது. அங்கிருந்து இடுகாட்டுக்கும், பிறகு வலப்பக்கம் எருசலேமுக்கும் போனால் கண் பழகிவிடும்.